ஃபெலூடாவைப் படைத்தவரின் அன்றாடம்

சத்யஜித் ரே என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 'பதேர் பாஞ்சாலி' திரைப்படமும் ஆஸ்கார் விருதும்தான். ஆனால் நம் பக்கத்து வீட்டு வங்காளிச் சிறுவனைக் கேட்டுப் பாருங்கள். ஃபெலூடா கதைகளை எழுதியவர் என்றுதான் அவன் முதலில் சொல்வான். உலகமே திரைப்பட மேதை என்று போற்றிய அந்த மனிதர், தம் வாழ்வின் கடைசி முப்பது ஆண்டுகள் சிறுவர்களுக்காக இடைவிடாமல் எழுதியவர். அவர் எப்படி எழுதினார், எவற்றில் நாட்டம் கொண்டிருந்தார் என்று அறிந்துகொள்வது, "பிள்ளைகள் தமிழ் படிப்பதில்லையே" என்று கவலைப்படும் நமக்குப் பயன்படும் என்பது என் எண்ணம்.

சிறுவர் இலக்கியம் ரேயின் குடும்பச் சொத்து. பாட்டனார் உபேந்திரகிஷோர் ஓவியர், இசைஞர், எழுத்தாளர். படங்களை அச்சிட உதவும் ஹாஃப்டோன் பிளாக் முறையில் அவர் செய்த ஆராய்ச்சிகளை லண்டனின் பென்ரோஸ் ஆண்டு மலர் வெளியிட்டது. அவர் 1913இல் தொடங்கிய சிறுவர் பத்திரிகைதான் 'சந்தேஷ்'. வங்காளியில் இச்சொல்லுக்குச் செய்தி என்றும் பொருள், நாம் எல்லோரும் விரும்பிச் சாப்பிடும் இனிப்பு என்றும் பொருள். பத்திரிகை எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார் பெரியவர்.

அவருக்குப்பின் மகன் சுகுமார் ரே பத்திரிகையை நடத்தினார். இங்கிலாந்து சென்று அச்சுக்கலை பயின்று வந்தவர் அவர். பொருளே இல்லாதது போல் தோன்றும் அவரது வேடிக்கைப் பாடல்களை இன்றும் வங்காளிக் குழந்தைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். 1923 செப்டம்பர் 10ஆம் நாள், காலா அஸார் நோயால், 35 வயதில் அவர் மறைந்தார். அவருடைய புகழ்பெற்ற 'ஆபோல் தாபோல்' நூல் வெளிவந்தது அதற்கு ஒன்பது நாள் கழித்து. அப்போது சத்யஜித்துக்கு வயது இரண்டரைகூட ஆகவில்லை. சில ஆண்டுகளில் அச்சகம் கைவிட்டுப் போயிற்று. தாயும் மகனும் மாமா வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். 'சந்தேஷ்' பத்திரிகையும் நின்றது. இடையில் சிறிது காலம் வெளிவந்து மீண்டும் நின்றுபோயிற்று.

அதை 1961 மே மாதம் உயிர்ப்பித்தவர் சத்யஜித் ரே. கவிஞர் சுபாஷ் முகோபாத்யாய் உடன் நின்றார். அதற்கு முன் ரே சிறுவர் நூல்களுக்குப் படம் வரைந்திருந்தாரே தவிர, பெரிதாகக் கதை எழுதியவர் அல்லர். பத்திரிகையின் பக்கங்களை நிரப்ப வேண்டும் என்ற தேவையே அவரை எழுத்தாளராக்கியது. அந்த ஆண்டே பேராசிரியர் ஷோங்கு என்ற விஞ்ஞானி பிறந்தார். 1965இல் துப்பறியும் ஃபெலூடா வந்தான். முழுமை பெற்ற ஃபெலூடா கதைகள் மட்டும் 35. 'சந்தேஷ்' லாபம் தந்த பத்திரிகை அன்று. ஆனால் நூல்களாக வெளிவந்த கதைகளின் வருவாயே, திரைப்படங்களைவிட, தம் குடும்பத்துக்கு நிலையான ஆதாரம் என்று ரே சொல்லியிருக்கிறார்.

பிஷப் லெஃப்ராய் ரோட்டில் இருந்த வீட்டில் அவருடைய அன்றாடம் மிக எளிமையானது. புத்தகங்கள், இசைத்தட்டுகள், தாள்கள் குவிந்த ஓர் அறை. அதில் ஒரு நாற்காலி. அதில் அமர்ந்துதான் எழுதுவார், வரைவார். கடைக்காரர்கள் கணக்கு எழுதும் சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடுகளில்தான் அவருடைய திரைக்கதைக் குறிப்புகளும் படங்களும் இருக்கும். தொலைபேசி அடித்தால் அவரே எடுப்பார். கதவைத் தட்டினால் அவரே திறப்பார். முன்பின் தெரியாத சிறுவர்கள் எழுதும் கடிதங்களுக்கும் தம் கைப்பட பதில் எழுதுவார். 1983இல் மாரடைப்பு வந்தபின் சில ஆண்டுகள் படம் எடுக்க இயலவில்லை. எழுத்து மட்டும் நிற்கவில்லை.

அவருடைய நாட்டங்கள் பல. மேற்கத்திய செவ்விசை, குறிப்பாக பாக், மோட்ஸார்ட், பீதோவன். அடுத்து எழுத்துருக்கள், 'ரே ரோமன்' என்ற ஆங்கில எழுத்துரு அவர் வடிவமைத்ததே. சிறுவயதிலிருந்தே மந்திரவித்தை, சொல் விளையாட்டு, ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள், விஞ்ஞானக் கதைகள். இவை எல்லாமே கதைகளுக்குள் வந்து சேர்ந்தன. தமக்குப் பிடித்ததையே பிள்ளைகளுக்கும் கொடுத்தார். பிள்ளைகளுக்கு என்று தனியாக ஒரு மட்டமான சரக்கை அவர் வைத்திருக்கவில்லை.

ஃபெலூடா கதைகளில் லால்மோகன் கங்குலி என்ற எழுத்தாளர் வருகிறார். 'ஜடாயு' என்ற புனைபெயரில் மர்ம நாவல்கள் எழுதிக் குவிப்பவர். ஆனால் தகவல்களில் பிழை மலிந்திருக்கும். அந்தப் பிழைகளை ஃபெலூடா திருத்துவான். வாசிக்கும் சிறுவன் சிரித்துக்கொண்டே பூகோளமும் சரித்திரமும் கற்றுக்கொள்கிறான். டார்ஜிலிங், லக்னோ, ஜெய்சால்மர், காசி, எல்லோரா என்று கதைகள் ஊர் ஊராகப் போகின்றன. 'சோனார் கெல்லா' 1974இல் படமாக வந்தபின், ஜெய்சால்மர் கோட்டையைப் பார்க்க வங்காளிக் குடும்பங்கள் திரண்டு போனது ஊரறிந்த செய்தி. காதல், துரோகம் போன்ற பெரியவர் விவகாரங்களைத் தொடாமல் துப்பறியும் கதை எழுதுவது எளிதன்று. அந்தக் கட்டுப்பாட்டை ரே கடைசிவரை காத்தார். அதே சமயம், கதை முடிவில் நீதி சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை.

நமக்கும் ரேக்கும் உள்ள தொடர்பையும் சொல்லவேண்டும். 1935இல் கொல்கத்தாவில் பாலசரஸ்வதியின் நடனத்தைப் பார்த்தபோது அவர் பதினான்கு வயதுச் சிறுவர். நாற்பது ஆண்டுகளுக்குப்பின், 1976இல், 'பாலா' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். 1990இல் வந்த 'நயன் ரகசியம்' கதையில் ஃபெலூடா சென்னைக்கும் மகாபலிபுரத்துக்கும் வருகிறான். அவன் குடியிருக்கும் ரஜனி சென் ரோடு, நம்மவர்கள் தலைமுறைகளாக வசிக்கும் லேக் மார்க்கெட் வட்டாரத்தில்தான் இருக்கிறது. முதல் ஃபெலூடா கதையை எழுதிய காலத்தில் ரே வசித்த லேக் டெம்பிள் ரோடும் அதே சுற்றுவட்டாரம்தான்.

நம் பிள்ளைகள் தெருவில் வங்காளி பேசுகிறார்கள், பள்ளியில் ஆங்கிலம் படிக்கிறார்கள். தமிழ் அவர்களுக்குச் சமையலறையிலும் தொலைபேசியில் பாட்டியிடமும் பேசும் மொழியாக மட்டும் சுருங்கி வருகிறது. அதைச் சரிசெய்ய நாம் கையில் கொடுப்பது பெரும்பாலும் எழுத்துப் பயிற்சி ஏடும் நீதிக் கதையும்தான். அவையும் வேண்டும், ஆனால் அவற்றுக்காக எந்தக் குழந்தையும் இரவு விளக்கை அணைக்க மறுத்து உட்கார்ந்திருக்காது. ஃபெலூடாவுக்காக வங்காளிக் குழந்தைகள் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் சொல்ல விரும்புவது இரண்டு யோசனைகள். ஃபெலூடா கதைகள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. வங்காளியிலோ ஆங்கிலத்திலோ படித்து ரசித்த பிள்ளைக்கு அதே கதையைத் தமிழில் வாங்கிக் கொடுங்கள். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் தெரியாத சொற்கள் தடையாக இரா. இரண்டாவது, நம் சங்க மலரில் சிறுவர் பகுதியைக் கடைசி நேரத்தில் எதையாவது போட்டு நிரப்பும் இடமாக விட்டுவிடாமல், நம்மில் இசை தெரிந்தவர், ரயில்வேயில் வேலை பார்த்தவர், விஞ்ஞானம் படித்தவர், சதுரங்கம் ஆடுபவர் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டும். தமக்கு உண்மையிலேயே பிடித்ததைப் பற்றி எழுதினால் போதும். ரேயும் நாற்பது வயதில், பத்திரிகைக்குப் பக்கம் நிரப்பத்தான் தொடங்கினார்.