வாத்தியாரம்மா ஆவது எப்படி?

உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் அடுத்த வீட்டில் இருப்பாள். அங்கேயும் இல்லையென்றால் தெருக்கோடி வீட்டில் நிச்சயம் ஒருத்தி இருப்பாள், பி.எட். படித்த பெண். "ஏனம்மா, உத்தியோகம் ஆயிற்றா?" என்று கேட்டுப் பாருங்கள். "டெட் பாஸ் பண்ணியாச்சு, அக்கா, ஆனால்..." என்று இழுப்பாள். அந்த 'ஆனால்' என்ற ஒரு வார்த்தைக்குள் எத்தனை வருஷங்கள் அடங்கிக் கிடக்கின்றன என்பது அநேகம் பேருக்குத் தெரியாது. தெரிந்துகொண்டால், அந்தக் கேள்வியைக் கேட்கவே உங்களுக்கு மனம் வராது!

அந்த நாள் வரிசை

ஒரு காலத்தில் விஷயம் இவ்வளவு சிக்கலாக இல்லை. பயிற்சியை முடித்து, சர்ட்டிபிகேட்டுடன் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய்ப் பெயரைப் பதிந்துகொண்டால், பதிவு மூப்பின்படி ஒரு நாள் அழைப்பு வரும். ரேஷன் கடை வரிசை மாதிரிதான். கால் கடுக்கும், ஆனால் வரிசை எது, வாசல் எது என்பதில் சந்தேகம் இராது.

பிறகு, 6 வயது முதல் 14 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கும் சட்டம் 2010 ஏப்ரல் 1-ம் தேதி அமலுக்கு வந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் பள்ளிக்கூடம் என்றால், எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் தகுதியான உபாத்தியாயர் வேண்டாமா? அதே வருஷம் ஆகஸ்ட் 23-ம் தேதி தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க வருகிறவர்கள், பயிற்சிப் பட்டத்தோடு 'ஆசிரியர் தகுதித் தேர்வு' என்ற பரீட்சையிலும் தேற வேண்டும். இதைத்தான் சுருக்கமாக 'டெட்' என்கிறார்கள்.

நோக்கத்தில் குற்றம் சொல்ல முடியாது. நம் குழந்தைக்குப் பின்னக் கணக்கும் இலக்கணமும் சொல்லித் தருகிறவருக்கு அவை பிசகில்லாமல் தெரிய வேண்டும் என்று எந்தத் தாய்தான் விரும்பமாட்டாள்? தொல்லை பரீட்சை வைத்ததில் இல்லை. அதைச் சுற்றி நடந்தவற்றில்தான்.

நூற்றைம்பது கேள்வி

தமிழ்நாட்டில் முதல் டெட் பரீட்சை 2012 ஜூலை 12-ம் தேதி நடந்தது. 150 கேள்விகள், கொடுத்த நேரம் ஒன்றரை மணி. அதாவது ஒரு கேள்விக்கு 36 விநாடி! கேள்வியைப் படித்து, நான்கு விடைகளையும் பார்த்து, கணக்கும் போட்டு, வட்டத்தை நிரப்ப வேண்டும். ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதினார்கள். தேறியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 2,448 பேர்தான்!

நேரம் போதவில்லை என்று கூக்குரல் எழுந்தது. அக்டோபரில் மறுபடியும் பரீட்சை; இம்முறை நேரம் மூன்று மணி. தேறியவர்கள் ஏறக்குறைய 19,000 பேர். மூன்று மாதத்துக்குள் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் அறிவு பல மடங்கு பெருகிவிட்டதா என்ன? நேரமும் ஒரு காரணம் என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லியது.

ஒருத்தியின் கணக்கு

இப்போது ஒரு பெண்ணை மனத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெயர் வேண்டாம். 2012-ல் அவளுக்கு வயது 30. கணிதப் பட்டதாரி, பி.எட்.; பிற்பட்ட வகுப்பைச் சேர்ந்தவள். கையில் மூன்று வயதுப் பெண் குழந்தை. வீட்டு வேலை ஓய்ந்த பிறகு, இரவில் சமையலறை விளக்கின் கீழ்தான் படிப்பு.

2012-ல் இரண்டு தடவையும் போயிற்று. 2013 ஆகஸ்டில் எழுதினாள், மார்க்கு 86. தேற வேண்டியது 90. நாலே நாலு மார்க்கு! 2014 பிப்ரவரியில், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 82 போதும் என்று சர்க்கார் சலுகை அளித்தது. 2013-ல் எழுதியவர்களுக்கும் அது பொருந்தும் என்றது. பாயசம் வைத்துக் கொண்டாடினார்கள் வீட்டில்.

உத்தியோகம் வந்ததா? அதுதான் இல்லை. டெட் தேர்ச்சி என்பது தகுதிதானே தவிர நியமனம் அல்ல. நியமனத்துக்கு 'வெயிட்டேஜ்' என்று தனிக் கணக்கு வைத்தார்கள். பட்டதாரி ஆசிரியருக்கு டெட் மார்க்குக்கு 60, பட்டப் படிப்புக்கு 15, பி.எட்.டுக்கு 15, பிளஸ் டூவுக்கு 10, ஆக 100. நம் பெண் பிளஸ் டூ எழுதியது 1999-ல். அவளுக்குப் பத்து வருஷம் பின்னால் எழுதியவர்களோ தாராளமாக மார்க்கு வாங்கியிருந்தார்கள். பதினேழு வயதில் விட்ட மார்க்கு முப்பத்திரண்டு வயதில் குறுக்கே வந்து நின்றது. அதை இனி எந்த இரவு படித்து மீட்பது?

சலுகை மீதும் வெயிட்டேஜ் மீதும் வழக்குகள் எழுந்தன. இரண்டும் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் 2016 நவம்பரில் தீர்ப்பளித்தது. அப்பாடா என்பதற்குள் 2018 ஜூலையில் வேறோர் உத்தரவு: வெயிட்டேஜ் கிடையாது, டெட் தேறியவர்கள் நியமனத்துக்கு இன்னொரு போட்டிப் பரீட்சை எழுத வேண்டும்.

2020-ல் வயது குறுக்கிட்டது. நேரடி நியமனத்துக்குப் பொதுப் பிரிவினருக்கு 40, மற்றவர்களுக்கு 45 என்று வரம்பு வைத்தார்கள். நம் பெண்ணுக்கு அப்போது 38. சர்ட்டிபிகேட்டுக்கும் ஆயுசு ஏழே வருஷம் என்றிருந்தது. 2021 ஜூனில் அது ஆயுள் முழுவதும் செல்லும் என்று மத்திய சர்க்கார் அறிவித்ததால் தப்பினாள். 2023-ல் வயது வரம்பையும் 53, 58 என்று உயர்த்தினார்கள்.

பட்டதாரி ஆசிரியருக்கான போட்டிப் பரீட்சை 2024 பிப்ரவரி 4-ம் தேதி நடந்தபோது அவளுக்கு நாற்பத்திரண்டை ஒட்டிய வயது. அந்த மூன்று வயதுக் குழந்தை இப்போது பத்தாம் வகுப்பு. தாயும் மகளும் ஒரே மேஜையில், ஒரே விளக்கின் கீழ், அவரவர் பரீட்சைக்குப் படிக்கிறார்கள்!

நான் சொன்ன பெண் கற்பனை. விதிகளும் வருஷங்களும் கற்பனை அல்ல. ஒவ்வொரு விதிக்கும் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் பாதி வழி நடந்தவளிடம், "பாதை மாறிவிட்டது, திரும்பி வா" என்று எத்தனை தரம் சொல்வது? அந்த வருஷங்களில் அவள் சும்மா இருக்கவில்லை. சொற்பச் சம்பளத்துக்குத் தனியார் பள்ளியில் பாடம் நடத்தினாள். சாயங்காலம் திண்ணையில் டியூஷன் எடுத்தாள். பிள்ளைகளுக்கு அவள் டீச்சர்தான். காகிதத்தில் மட்டும் விண்ணப்பதாரர்.

வேலையில் இருப்பவர்களுக்கும்

உத்தியோகம் கிடைத்துவிட்டவர்கள் நிம்மதியாக இருந்தார்களா என்றால், 2025 செப்டம்பர் 1-ம் தேதி அதுவும் போயிற்று. சட்டம் வருவதற்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களானாலும், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தால் இரண்டு வருஷத்துக்குள் டெட் தேற வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஐந்து வருஷத்துக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் பணியில் நீடிக்கலாம். பதவி உயர்வு வேண்டுமானால் அவர்களும் தேற வேண்டும். இருபது வருஷமாக மற்றவர்களுக்குப் பரீட்சை வைத்த கைகள் மறுபடியும் பேனா பிடிக்க வேண்டியதாயிற்று.

நம் வீட்டுப் பெண்ணுக்கு

இந்த வழியில் பெண்ணை அனுப்ப நினைக்கும் தாய்மார்களே, இதையெல்லாம் சொன்னது பயமுறுத்த அல்ல. சில விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

எந்த வகுப்புக்குக் கற்பிக்க ஆசை என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளட்டும். ஐந்தாம் வகுப்பு வரை என்றால் தொடக்கக் கல்விப் பட்டயம் படிக்க வேண்டும். அதற்கு டெட் முதல் தாள். ஆறு முதல் எட்டு வரை என்றால் பட்டமும் பி.எட்.டும், அதற்கு இரண்டாம் தாள். பி.எட். இருந்தால் சின்ன வகுப்புக்கும் போகலாம் என்று 2018-ல் கதவைத் திறந்தார்கள். 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் அதை மூடிவிட்டது. ஒரு வருஷப் படிப்பாக இருந்த பி.எட்., 2015 முதல் இரண்டு வருஷமாயிற்று. ஆகையால் பணத்தைக் கட்டுவதற்கு முன் இதைத் தீர்மானிப்பது நல்லது.

முதல் தாளில் குழந்தை மனவியல், தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் ஆகிய ஐந்துக்கும் ஆளுக்கு 30 மார்க்கு. கனத்த வழிகாட்டிப் புத்தகங்களை அடுக்குவதற்கு முன், பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்களை ஒரு தடவை அட்டை முதல் அட்டை வரை படித்துவிடட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படிக்கும் பெண்ணுக்கு வீட்டில் தினம் இரண்டு மணி நேர அமைதி வேண்டும். அந்த இரண்டு மணி நேரமும் அடுப்படியைக் கணவனோ மாமியாரோ பார்த்துக்கொண்டால் குடி முழுகிவிடாது!

சர்க்காரிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு. பரீட்சை கடினமாகவே இருக்கட்டும். ஆனால் விதியைப் பரீட்சைக்கு முன்னால் சொல்லுங்கள். சொன்னதைச் சில வருஷமாவது மாற்றாதீர்கள். தேறியவர்களுக்கு எப்போது இடம் என்று ஒரு கணக்குக் கொடுங்கள். வகுப்புக்கு நேரத்தில் வரவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறவளுக்கு, அவளுடைய நேரம் எப்போது வரும் என்று தெரிய வேண்டாமா?