நின்ற இதயமும் துடிக்கும் இதயமும்

பைபாஸ் அறுவைச் சிகிச்சை தேவை என்று மருத்துவர் கூறியதும், ‘இதயத்தை நிறுத்திச் செய்வார்களா, துடிக்கும்போதே செய்வார்களா?’ என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுகிறது. இரண்டாவது முறையில் உடலுக்குப் பாதிப்பு குறைவு என்று கேள்விப்பட்டு, அதையே வேண்டுவோரும் உளர். அந்த நம்பிக்கையில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது.

கேரளத்தில் பிறந்த டாக்டர் கே.எம். செரியன், 1975-ல் சென்னைப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பைபாஸ் சிகிச்சையை வெற்றிகரமாகச் செய்தார். அடைபட்ட இதயத் தமனியைச் சுற்றி, மார்பிலோ காலிலோ உள்ள இரத்தக்குழாயைக் கொண்டு மாற்றுப் பாதை அமைப்பதே இச்சிகிச்சை. வழக்கமான முறையில் அப்போது இதயம் நிறுத்தப்படும். இதயம், நுரையீரல் ஆகியவற்றின் பணியை ஓர் இயந்திரம் ஏற்கும்.

அழற்சி ஏன் உண்டாகிறது?

இயந்திரத்தின் குழாய்களைத் தொடும் இரத்தம் அவற்றை அந்நியப் பொருளாகவே உணர்கிறது. உடலின் தற்காப்புப் புரதங்களும் வெள்ளணுக்களும் கிளர்ந்தெழ, இன்டர்லூகின் போன்ற வேதிச் செய்தியாளர்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. நிறுத்தப்பட்ட இதயத்துக்கு இரத்தம் மீண்டும் பாயும்போதும் அழற்சி கூடுகிறது. பெரும்பாலோரிடம் இது சில நாட்களில் தணிந்துவிடும். சிலரிடம் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

துடிக்கும் இதயத்தில் செய்யும்போது இயந்திரம் இல்லை; ஆகவே இவ்வெதிர்வினை, குறிப்பாகத் தொடக்க மணிநேரங்களில், குறைகிறது. எனினும் அது முற்றிலும் மறைவதில்லை. மார்பெலும்பைப் பிளப்பதே உடலுக்குப் பெருங்காயம் அன்றோ! அக்காயம் இரு முறைகளுக்கும் பொது.

ஆய்வுகள் கூறுவது

19 நாடுகளில் 4,752 நோயாளிகளிடம் நடந்த ‘கொரோனரி’ என்னும் ஆய்வின் முதல் முடிவுகள் 2012-ல் வெளிவந்தன. துடிக்கும் இதய முறையில் இரத்தம் ஏற்றும் தேவையும், சிறுநீரக, சுவாசச் சிக்கல்களும் குறைந்தன. ஆனால் மீண்டும் அடைப்பு நீக்கும் தேவை சற்றுக் கூடியது. மரணம், மாரடைப்பு, பக்கவாதம், டயாலிசிஸ் தேவைப்படும் சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றை ஒருசேரக் கணக்கிட்டபோது, முதல் 30 நாட்களிலும் 5 ஆண்டுகளின் முடிவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 2,203 பேரிடம் நடந்த வேறோர் ஆய்விலோ, ஓராண்டுக்குப்பின் அடைபடாமல் இருந்த மாற்றுப் பாதைகளின் விகிதம் துடிக்கும் இதய முறையில் குறைவாகவே இருந்தது.

இரத்தப் பரிசோதனையில் அழற்சி குறைவாகத் தெரிவது ஒன்று. நோயாளி நெடுநாள் நலமாக வாழ்வது மற்றொன்று. தைத்த குழாய் செவ்வனே அமையாவிடில், குறைந்த அழற்சியால் பயன் என்ன?

நாம் கேட்க வேண்டியவை

பெருந்தமனியில் சுண்ணாம்பு படிந்தவர்களுக்குத் துடிக்கும் இதய முறை பெரிதும் உதவலாம்; தமனிகள் தசைக்குள் ஆழப் புதைந்திருந்தால் இயந்திரமே பாதுகாப்பாகலாம். ஆதலால் கொச்சியாயினும் சென்னையாயினும், மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்போம். எங்கள் நோயாளிக்கு எம்முறை பொருந்தும், ஏன்? அம்முறையில் தங்கள் அனுபவம் எவ்வளவு? இடையில் முறையை மாற்ற நேர்ந்தால் என்ன ஏற்பாடு? அத்துடன், அவ்வாறு மாறும்போது கூடும் செலவைக் காப்பீடு ஏற்குமா என்பதையும் முன்னரே விசாரித்து வைப்போம்.

முறையின் பெயரைக் காட்டிலும், அதைக் கையாளும் கையின் பயிற்சியே நமக்கு முதன்மையானது.