வீட்டுக்கு வந்தாச்சு... காவலை விட்டுடாதீங்க!

ரத்தப் புற்றுநோய்க்கோ தலசீமியாவுக்கோ ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடிந்து, குழந்தை வீடு திரும்பிவிட்டது. 'அப்பாடா!' என்கிறீர்கள். கொஞ்சம் உஷாராகவும் இருங்க!

சிகிச்சைக்காகக் கொடுத்த கடுமையான மருந்துகள் பழைய எதிர்ப்புச் சக்தியை அழித்திருக்கும். புதிய செல்கள் முழு பலம் பெற மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். இந்த இடைவெளியில் வைரஸ் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. சி.எம்.வி. என்கிற வைரஸ், பலர் உடம்பில் சத்தமில்லாமல் தூங்குவது. காவல் இல்லாவிட்டால் விழித்துக்கொண்டு நுரையீரல், குடல் என்று தாக்கும். குழந்தை நன்றாக இருக்கும்போதே டாக்டர் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான். ஒன்றைக்கூடத் தவறவிடாதீங்க.

அடுத்தது சின்னம்மை. 'வேப்பிலை வெச்சா தானா இறங்கிடும்' என்று இருந்துவிடக் கூடாது. இந்தக் குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். கூட விளையாடிய பிள்ளைக்கு அம்மை என்று தெரிந்தால், கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். தடுக்க மருந்து இருக்கிறது.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால்? நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு போன் செய்யுங்கள். நீங்களாக மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை மறைக்காதீங்க. முன்பு போட்ட தடுப்பூசிகளின் பலனும் குறைந்திருக்கும். எதை, எப்போது மறுபடி போடுவது என்பதை டாக்டரே சொல்வார்.

சளி, இருமலோடு வரும் சொந்தக்காரர்களிடம் 'அப்புறமா வாங்க' என்று சொல்லத் தயங்காதீங்க. கோபித்துக்கொண்டால், பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம்!