களைப்பும் அதன் குறியீடும்

மனிதரை வருத்தும் குறைகளுள் களைப்பு மிகப் பொதுவானது. ஏட்டில் எழுதப்படுங்கால் பெரிதும் சிதைந்து போவதும் அதுவே. காய்ச்சலை வெப்பமானி அளந்து காட்டும். களைப்பை அவ்வாறு அளந்து காட்டும் கருவி இல்லை. நோயாளியின் சொல்லும், அதனைக் கேட்டு வைத்தியர் வரையும் குறிப்புமே அதற்குச் சான்று.

நோய்களை வகுத்து எண்ணிடும் முறை நெடிய வரலாறு உடையது. பிரெஞ்சு அறிஞர் சாக் பெர்த்தியோன் 1893 இல் இறப்புக் காரணங்களின் பட்டியலைச் சிக்காகோ நகரில் முன்வைத்தார். 1948 இல் உலக சுகாதார நிறுவனம் அதன் ஆறாந் திருத்தத்தை ஏற்றபோது, இறப்போடு நோய்களும் அதில் இடம்பெற்றன. பத்தாந் திருத்தம் 1990 இலும், பதினோராந் திருத்தம் 2022 இலும் முறையே ஏற்பும் நடைமுறையும் பெற்றன.

பத்தாந் திருத்தத்தில் களைப்பின் எண் ஆர் 53. ஆயினும் எல்லாக் களைப்பும் அங்கு அடங்கா. துறைமுகத்தில் நண்பகல் வெயிலிற் சுமை இறக்குவோர் வெப்பத்தாற் சோர்ந்தால் அது ரி 67. அளவிறந்த உழைப்பால் வந்ததேல் ரி 73.3, கருவுற்ற தாயின் களைப்பு ஓ 26.8; முதுமைத் தளர்ச்சி ஆர் 54; வைரசு நோயின் பின் நீடிக்குங் களைப்பு ஜி 93.3. போர்க்களச் சோர்வுக்கும் எஃப் 43.0 எனத் தனியிடம் உண்டு. 1942 ஏப்பிரில் 9 இல் யப்பானியக் குண்டுவீச்சைக் கண்ட நம் திருகோணமலையில் அவ்வகையின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

காரணம் எழுதப்படாதவிடத்து இவையனைத்தும் ஆர் 53 என்னும் ஒரே குவியலில் வீழும். குறியீடு இடுவோர் வைத்தியர் எழுதியதையன்றி வேறெதனையும் ஊகித்தல் ஆகாது.

இங்கு மொழியும் ஓர் இடர். "ஏலாமற் கிடக்கிறது" என்பார் நம்மவர். அச்சொல் களைப்பாகலாம், தசைகளின் பலவீனமாகலாம், மூச்சு வாங்கும் இளைப்பாகலாம், தலைச்சுற்றாகலாம், மனச்சோர்வுமாகலாம். இளைப்புக்கு ஆர் 06.0, தலைச்சுற்றுக்கு ஆர் 42 என எண்கள் வேறு. அவை சுட்டும் நோய்களும் வேறு. இருதயக் கோளாற்றின் இளைப்பைக் களைப்பென எழுதினால், பரிசோதனையும் வழிதவறும்.

ஆகவே நல்ல குறிப்பானது சில வினாக்களுக்கு விடை தரல் வேண்டும். களைப்பு என்று தொடங்கியது? படிப்படியாக வந்ததா, திடீரென வந்ததா? ஓய்வால் நீங்குகிறதா? நித்திரை எவ்வாறு? எடை குறைந்ததா? உட்கொள்ளும் மருந்துகள் யாவை? முன்னர் செய்த எவ்வேலையை இப்பொழுது செய்ய இயலவில்லை? "படகை முன்போற் கரையேற்ற முடியவில்லை" என்னும் மீனவரின் ஒரு வாக்கியம், "களைப்பு" என்னும் தனிச்சொல்லினும் பன்மடங்கு பயனுடையது.

காரணம் தெளிந்தபின் அதனையே முதன்மை நோயாக எழுதுதல் விதி. களைப்போடு வந்த தாய்க்கு இரும்புச்சத்துக் குறைவாலான சோகை உண்டெனக் குருதிப் பரிசோதனை காட்டின், எண் டி 50 ஆகும். ஆர் 53 அன்று. காரணம் தெளியாதவிடத்து ஆர் 53 என நிறுத்துவதே நேர்மை. ஐயத்தை முடிபாக எழுதினால், இல்லாத நோயொன்று அவர்தம் ஏட்டில் நிலைத்துவிடும்.

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகள் உள்நோயாளரின் நோய், இறப்பு விபரங்களைச் சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்கு அனுப்புகின்றன. 'பெட் ஹெட் ரிக்கற்' என வழங்கும் நோயாளர் சீட்டே அதற்கு மூலம். களைப்புற்றோரோ பெரும்பாலும் வெளிநோயாளராக வந்து, மருந்து பெற்று மீள்வர். அவ்வறிக்கையில் அவர்க்கு இடமில்லை. அவர்களுக்கு அவர்தம் கிளினிக் கொப்பியே வரலாறு. அடுத்த முறை காணும் வைத்தியர் வேறொருவராயின், அதிலுள்ள இரண்டு வரிகளே தொடர்பைக் காக்கும்.

வைத்தியராகவும் தாதியராகவும் பதிவேட்டு அலுவலராகவும் வரவிருக்கும் மாணவர் இதனை மனங்கொள்க. எழுதப்படாத களைப்பு எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாத துன்பத்துக்கு மருந்தும் ஆளணியும் ஒதுக்கப்படுதல் அரிது.