நாடோடி வாழ்வும் மட்கல வனைவும்: வண்டலூர் வட்டார ஈமப்பேழைகளை முன்வைத்து

முன்னுரை

வண்டலூர், பல்லாவரம் உள்ளிட்ட சென்னையின் தென்புறமும் அதனையடுத்த செங்கற்பட்டு வட்டாரமும் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் மிகுந்தவை. கல்வட்டங்களும் சுடுமண் ஈமப்பேழைகளும் பரவலாக அறியப்பட்டிருக்க, அவற்றை அமைத்தோரின் வாழ்விடங்கள் குறைவாகவே வெளிப்பட்டுள்ளன. அம்மக்கள் நிலைகுடியினரா, இடம்பெயர்ந்து வாழ்ந்தோரா என்னும் வினா இதனால் எழுகிறது. மட்கலம் வனைந்தோர் நிலைகுடியினராகவே இருத்தல் வேண்டும் என்னும் கருத்து இதற்கு விடையாகுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிறவிடச் சான்றுகள்

சீனாவின் சியான்ரெந்தோங் குகையில் கிடைத்த மட்கல ஓடுகள் ஏறத்தாழ 20,000 ஆண்டுகள் பழமையானவை. வேளாண்மைக்கு முற்பட்ட வேட்டைச் சமூகத்தினர் வனைந்தவை. இராசத்தானின் பாகோரில் வி. என். மிஸ்ரா 1967 முதல் நிகழ்த்திய அகழாய்வில் நுண்கற்கருவிகளோடு கையால் வனைந்த கலங்களும் வெளிப்பட்டன. 1957இல் ரேமண்ட் ஆல்சின் அகழ்ந்த உட்னூர்ச் சாம்பல்மேடு, மாட்டுப்பட்டியில் குவிந்த சாணம் எரிந்து உருவானது. அங்கும் மட்கலங்கள் உள்ளன. ஆகவே மட்கலம் ஒன்றே நிலைகுடி வாழ்வுக்குச் சான்றாகாது.

வனைதலும் சுமத்தலும்

களிமண், நீர், விறகு, கலம் உலர்வதற்குரிய சில நாள் வெயில் ஆகியன வாய்ப்பின், சக்கரமும் நிலையான சூளையும் இன்றியே கலம் செய்யலாம். நாடோடிகளுக்குரிய இடர் வனைவதில் இல்லை. எளிதில் உடையும் கலத்தைச் சுமந்து செல்வதிலேயே உள்ளது. ஈமப்பேழையோ சுமந்து திரிதற்குரியதன்று. மதுராந்தகம் அருகே சாணூரில் 1950, 1952 ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்டவை போன்ற கால்களுடைய பேழைகள், அடக்கம் செய்யும் இடத்திற்கு அண்மையிலேயே வனையப்பட்டிருத்தல் இயல்பு. அவை அவ்விடத்தோடு கொண்ட உறவை உணர்த்துகின்றன. எனினும் அவ்வுறவு ஆண்டுமுழுதும் தங்கியோர்க்கும், பருவந்தோறும் மீண்டுவந்த மேய்ப்பர்க்கும் பொதுவானதே.

வனைந்தோரும் பயன்கொண்டோரும்

சக்கரத்தில் வனைந்த கறுப்பு-சிவப்புக் கலங்கள் தேர்ந்த தொழில்வினைஞரைச் சுட்டுகின்றன. ஆனால் கலத்தைப் பயன்படுத்தியோர் அனைவரும் அதனை வனைந்தோர் அல்லர். கணவனொடு பல சுரம் கடந்துவந்த பெண்ணொருத்தி, அவன் இறந்தபின் தனக்கும் இடமுண்டாகத் தாழியை அகலமாக வனையுமாறு குயவனை வேண்டுவதைப் புறநானூற்றின் 256 ஆம் பாடல் காட்டுகிறது. வழிச்செல்வோரும் இடத்துக்குரிய குயவரும் ஈமக்கலத்தின்வழி இணையும் நிலை இது. பெருங்கற்கால வாழ்வை இப்பாடல் நேரே விளக்காவிடினும், வனைந்தோர், பயன்கொண்டோர் என்னும் வேறுபாட்டை நினைவூட்டுகிறது.

முடிவுரை

நாடோடிகளால் மட்கலம் வனைய இயலும். ஆதலின் வண்டலூர் வட்டாரப் பேழைகளைக் கொண்டே அவற்றை அமைத்தோரை நிலைகுடியினர் எனத் துணிதல் பொருந்தாது. வாழ்விடங்கள் அரியவை என்பதால் நாடோடிகள் எனத் துணிதலும் பொருந்தாது. பேழையின் மண்ணை அவ்வட்டாரக் களிமண்ணோடும், உடன்கிடைத்த சிறுகலங்களின் மண்ணோடும் ஒப்பிட்டாய்வதே வனைந்த இடத்தையும் கலங்கள் கடந்த தொலைவையும் பிரித்தறிய வழிவகுக்கும்.