பழைய பில்லில் புதிய வரி

2024 பெப்ரவரியில் ஒரு நாள் காலை, மலைநாட்டில் கடை வைத்திருக்கும் எனது இருபது வருட வாடிக்கையாளர் தொலைபேசியில் பேசினார். "ஹாஜியார், இந்த ஆறாயிரம் ரூபா எங்கிருந்து வந்தது?" கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார்.

2023 ஒக்டோபரில் அவருக்கு இரண்டு இலட்சம் ரூபாவுக்கு வயரும் சுவிட்சும் கடனுக்கு அனுப்பியிருந்தேன். அப்போது வற் வரி 15 வீதம். ஆக மொத்தம் 230,000 ரூபா. அவர் பில்லைத் தவறவிட்டு, பிரதி ஒன்று கேட்டிருக்கிறார். கடைப் பையனும் எமது இணையத்தளத்தில் பில் இலக்கத்தைக் கொடுத்து அச்சிட்டு அனுப்பிவிட்டான். 2024 ஜனவரி முதல் வரி 18 வீதமாகியிருந்தது. கணனி பழைய திகதியின் கீழ் புதிய வரியைப் போட்டு 236,000 என்று காட்டியிருக்கிறது. மேசை லாச்சியில் கிடந்த காபன் பிரதிதான் என் மானத்தைக் காப்பாற்றியது.

அன்றிரவே, தளத்தைச் செய்து தந்த சாச்சாவின் மகனைக் கூப்பிட்டேன்.

"நானா, பில் என்று ஒன்று உள்ளே இல்லை. யாராவது கேட்கும்போது அது புதிதாக உருவாகிறது" என்றான்.

தூக்கிவாரிப் போட்டது. தரவுத்தளத்தில் இருந்தது வாடிக்கையாளரின் இலக்கம், பொருளின் இலக்கம், எண்ணிக்கை, திகதி மாத்திரமே. விலையையும் வரியையும் இன்றைய பட்டியலிலிருந்து எடுத்து, ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் பில்லைக் கட்டி திரைக்கு அனுப்புகிறது. அனுப்பியதும் மறந்துவிடுகிறது. வற் வரி 2022 ஜூனில் 8இலிருந்து 12, அதே செப்டெம்பரில் 15, பின்னர் 18 என்று ஏறிய ஒரு நாட்டில் இப்படிக் கணக்கு வைத்தால் என்னவாகும்!

பரிகாரம் பெரிய வேலையல்ல. பீ.எச்.பி. மொழியில் 'ஓபி ஸ்டார்ட்' என்றொரு கட்டளை உண்டு. அதன்பின் ஸ்கிரிப்ட் எழுதுவதெல்லாம் திரைக்குப் போகாமல் தேங்கி நிற்கும். 'ஓபி கெட் கிளீன்' என்றால் தேங்கியது முழுவதும் ஒரு மாறிக்குள் வந்துவிடும். ஆனால் மாறி என்பது உள்ளங்கையில் எழுதிய கணக்கு மாதிரி. ஸ்கிரிப்ட் முடிந்தால் அதுவும் போய்விடும். ஆகவே அதை உடனே தரவுத்தளத்தில் பதிய வேண்டும். பிறகு யார் பிரதி கேட்டாலும் புதிதாகக் கட்டாமல், பதிந்ததையே எடுத்துக் காட்ட வேண்டும்.

பதிவதிலும் சில பொறிகள் இருக்கின்றன. முதல் நாளே தமிழ்ப் பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாக விழுந்தன. மை எஸ்.கியூ.எல். 2018இல் வந்த 8.0 பதிப்புக்கு முன்னர், வேறு சொல்லாவிட்டால் இலத்தீன் எழுத்துக்கே அட்டவணையை அமைக்கும். எங்களுடையது அந்தப் பழையது. கேள்விக்குறியாகப் பதிந்ததை மீட்க வழியில்லை. அட்டவணையை 'யூ.டி.எஃப்.8 எம்பி4' என்று மாற்றி, தளம் தரவுத்தளத்தோடு பேசும் தொடர்பையும் அப்படியே அமைத்தான். 'டெக்ஸ்ட்' என்ற வகைக் கட்டம் 65,535 பைட்டுகளுக்கு மேல் கொள்ளாது. தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுப்பதால் நீண்ட பில்லுக்கு 'மீடியம் டெக்ஸ்ட்' நல்லது. பழைய பதிப்புகளில் மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடுவதும் உண்டு.

டி'சில்வா என்ற பெயர் வந்தபோது பதிவே நின்றது. பெயரிலுள்ள ஒற்றைக் குறியைப் பெயரின் முடிவென்று தரவுத்தளம் எடுத்துக்கொண்டதாம். கள்ளர்கள் கட்டளை நுழைப்பதும் இந்த ஓட்டையால்தான். கட்டளையை முன்கூட்டியே தயாரித்து, பெயரையும் பில்லையும் தனியாகக் கொடுத்தால் இரண்டுக்கும் தீர்வு கிடைக்கும்.

பில்லின் தோற்றத்தை மாத்திரம் சேமித்தால் மாத முடிவில் கூட்டிப் பார்க்க முடியாது. அதனால் அன்றைய விலை, வரி வீதம், மொத்தம் ஆகியவற்றையும் தனித்தனிக் கட்டங்களில், சதம் பிசகாத 'டெசிமல்' வகையில் பதிகிறோம்.

உங்கள் கடையிலும் பார்க்கலாம். ஒரு பழைய பில்லை அச்சிடுங்கள். அதிலுள்ள ஒரு பொருளின் விலையை மாற்றிவிட்டு, மறுபடி அச்சிடுங்கள். இரண்டும் வேறுபட்டால் தளத்தைச் செய்தவரை அன்றே கூப்பிடுங்கள்.

பழைய பில்களைக் காபன் பிரதி பார்த்து நானும் பையனும் மூன்று வாரம் பதிந்தோம். பிரதி கிடைக்காத பதினொன்று இன்னும் அப்படியே இருக்கின்றன.