முகம் விலகிய திரை

தென்கொரிய இசைக் காணொளி என்றதும் நடனக் குழுக்களின் ஒத்திசைந்த அசைவும் பாடகர்களின் அண்மைக்காட்சிகளுமே பலரது நினைவில் எழுகின்றன. ஆனால், அந்நாட்டின் ராக் இசைக்குழுக்கள் சில, பாடுபவரின் முகத்தை விட்டு விலகி, ஓவியத்தையும் நிலவெளியையும் பிறரது வாழ்வையும் திரைக்குள் கொண்டுவரும் வேறொரு மரபை வளர்த்துள்ளன. 2014இல் உருவான ‘ஹ்யுகோ’ என்னும் நால்வர் குழு அம்மரபுக்குத் தெளிவான சான்றாகும்.

உறுப்பினர்களின் வயதையே 20, 22, 23, 24 என இசைத்தொகுப்புகளுக்குத் தலைப்பாக்கிய இக்குழு, அவற்றின் அட்டைகளை ஓர் ஓவியரின் கைவண்ணத்தில் வெளியிட்டு, பாட்டையும் படத்தையும் ஒரே படைப்பின் இரு கூறுகளாகவே நடத்தியது. 2017இல் வெளிவந்த ‘டாம்பாய்’ காணொளி அசைவூட்டமாக, அதாவது வரைந்த படங்களை அடுத்தடுத்து ஓடவிட்டு இயக்கத் தோற்றம் தரும் முறையில் அமைந்தது. அப்பாடல் இடம்பெற்ற அதே தொகுப்பில் சீன மொழியில் பாடப்பட்ட ‘வான்லி’ பாடலுக்கு மங்கோலியாவின் பரந்த வெளி களமாயிற்று. 2018இன் ‘லவ் யா’ காணொளியோ, ஒருபாலின இணையர் உட்படப் பலவகைக் காதலர்களைத் திரையின் நடுவே நிறுத்தியது. 2020இல் வந்த தொகுப்பின் அட்டையில் ஓவியம் இருந்த இடத்திற்கு ஒளிப்படம் வந்தது. ஊடகம் மாறினும், இசைஞரின் முகத்தை விற்பனைப் பொருளாக்காத போக்கு மாறவில்லை.

இப்போக்கிற்கு இன்று பெரும் அச்சுறுத்தலாக நிற்பது கைப்பேசியின் செங்குத்துக் குறுங்காணொளியே. வழக்கமான காணொளியின் சட்டக விகிதம், அதாவது அகலத்திற்கும் உயரத்திற்கும் உள்ள அளவுத் தொடர்பு, 16:9 ஆகும். உயரத்தைக் குறைக்காமல் அதனை 9:16 என வெட்டினால், மூலச் சட்டகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பரப்பே எஞ்சுகிறது. அப்பரப்பில் அடிவானம் அடங்காது, இணையாக நிற்கும் இருவரும் எளிதில் அடங்கார். ஒற்றை முகம் மட்டுமே கச்சிதமாகப் பொருந்தும். எனவே, படத்தொகுப்பாளர் விரும்பாவிடினும், திரை மீண்டும் பாடகரின் முகத்திற்கே திரும்ப நேர்கிறது. குறுங்காணொளி புதிய கேட்போரைச் சேர்க்கிறது என்னும் வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும், நிலவெளியை இழந்த படத்தின் வழியே வருபவர், படைப்பின் ஒரு துண்டை மட்டுமே அறிந்து திரும்புகிறார்.

காணொளியைக் கலையாகக் காக்கும் பொறுப்பு படைப்பாளருக்கு மட்டும் உரியதன்று. இக்காணொளிகளை அகன்ற திரையில், முதலிலிருந்து முடிவுவரை, வெட்டாமல் பார்க்கும் வழக்கத்தை இசை விரும்பிகள் கைவிடலாகாது.